மலைப் பிள்ளைக்கு ரோபோ எதற்கு என்று கேட்பவர்களுக்கு

சாரணர் இயக்கத்தின் திறன் பேட்ஜ்களில் ரோபோட்டிக்ஸுக்கும் ஓர் இடம் வேண்டும், அது அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வரை போய்ச் சேர வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், கள்ளக்குறிச்சிப் பக்கம் உடனே ஒரு பதில் வரும். "முதல்ல தமிழைத் தடுமாறாம வாசிக்கட்டும் சார். வாய்ப்பாடு சொல்லட்டும். கழிப்பறைக்குத் தண்ணி வரட்டும். ரோபோவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." தலைமையாசிரியர்கள் இப்படிச் சொல்கிறார்கள். சாரண ஆசிரியர்களில் பாதிப்பேர் சொல்கிறார்கள். கல்வியில் உண்மையான அக்கறை கொண்ட நல்ல மனிதர்களும் சொல்கிறார்கள். பேச்சு கல்வராயன் மலைப் பள்ளிகளைப் பற்றியது என்றால் இந்தப் பதிலில் கொஞ்சம் கோபமும் சேர்ந்துகொள்ளும். பஸ்ஸே ஒழுங்காகப் போகாத ஊருக்கு ரோபோவா என்பார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஏழைகளின் பக்கம் நின்று பேசுவதைப் போலவும் இருக்கிறது. ஆனால் இந்தப் பதில் தவறானது. மலைவாழ் பிள்ளைகளை வரிசையின் கடைசியிலேயே நிறுத்தி வைக்கப் பயன்படும் வாதங்களில் இன்று அதிகம் மதிக்கப்படுவது இதுதான். அதனாலேயே இதை முழுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் நிலைமையை நான் மறைக்கப் போவதில்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்குப் பிறகு இந்த ஊரின் பெயர் நாடு முழுக்க ஒலித்தது இரண்டு முறை: 2022 ஜூலையில் கனியாமூர் பள்ளி சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டபோது, 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தபோது. இரண்டாவது துயரத்தின் தொடர்ச்சியாகத்தான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, கல்வராயன் மலை மக்களுக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமும் ஏன் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அரசைக் கேட்டது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. அந்தப் பிடி சட்டப்படி முடிவுக்கு வந்தது 1976இல். நாடு விடுதலையடைந்து 29 ஆண்டுகள் ஆன பிறகு! இப்படிப்பட்ட இடத்தில் அடிப்படை வசதிக்குக் குரல் கொடுப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 'அப்புறம்' என்ற சொல்லோடுதான் சண்டை.

ஏனென்றால் அந்தச் சொல்லை யாரும் தன் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. நகரத்துத் தனியார் பள்ளிகளின் சேர்க்கை விளம்பரங்களைப் பாருங்கள், ரோபோட்டிக்ஸ் லேப் என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். கோடை விடுமுறை வந்தால் கோடிங் வகுப்புக்குப் பணம் கட்ட ஆள் இருக்கிறது. அங்கே எட்டாவது படிக்கும் பையனுக்கும் பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாற்றம் உண்டு. அதைக் காரணம் காட்டி யாரும் அவனை லேபுக்கு வெளியே நிறுத்துவதில்லை. அவனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. வெள்ளிமலையிலும் இன்னாட்டிலும் கரியாலூரிலும் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று என்று வரிசை போடுகிறோம். அந்த முதலாவது எப்போது முடியும் என்று இதுவரை யாரும் தேதி சொன்னதில்லை.

சாரணர் இயக்கத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. இந்தியாவில் சாரணர் படைகள் 1909இல் தொடங்கியபோது அவை ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டும்தான். இந்தியச் சிறுவர்களைச் சேர்க்க அன்றைய ஆட்சியாளர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை மதித்துக் காத்திருக்காமல் 1916-17இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். வடக்கே மாளவியாவும் குன்ஸ்ருவும் சேவா சமிதி சாரணர்களைத் திரட்டினார்கள். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது, இந்தியப் பிள்ளைகள் தகுதியானவர்களா என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளைகளே பதிலாக நின்றார்கள். பல அமைப்புகளும் ஒன்றாகி 1950 நவம்பர் 7இல் பாரத சாரணர் இயக்கம் பிறந்தது அந்த வழியில்தான். நேற்று நம்மைப் பார்த்து வெள்ளைக்காரன் சொன்னதை இன்று மலைப் பிள்ளையைப் பார்த்து நாம் சொல்கிறோம். இயக்கத்தின் சீருடையைப் போட்டுக்கொண்டே சொல்வது இன்னும் மோசம்.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. மூத்த சாரண ஆசிரியர்கள் சிலர் வேறு காரணம் சொல்வார்கள். சாரணம் என்றால் முடிச்சு, கூடாரம், திசைகாட்டி, முதலுதவி, கூட்டாஞ்சமையல். பிள்ளைகளைச் செல்போன் திரையிலிருந்து பிடுங்கி வெளியே கொண்டுவரத்தான் நாம் இருக்கிறோம், நாமே போய் அவர்களிடம் மின்னணுப் பலகையைக் கொடுப்பதா? அவர்கள் கவலையை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் காப்பாற்ற நினைக்கும் அந்தப் பழைய சாரணம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அமெரிக்கச் சாரணர்கள் 1911இல் வெளியிட்ட முதல் கையேட்டில் 57 பேட்ஜ்கள் இருந்தன. அவற்றில் ஒன்று விமானவியல். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்தது 1903இல். எட்டே ஆண்டுகளில், பெரும்பாலான ஊர்க்காரர்கள் விமானத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத காலத்தில், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அதில் பேட்ஜ். மோட்டார் வாகனத்துக்கும் மின்சாரத்துக்கும் அதே பட்டியலில் இடம் இருந்தது. 1967இல் கணினி வந்தது. 2011 ஏப்ரலில் ரோபோட்டிக்ஸ் வந்தது. புதிய கருவியைப் பயமில்லாமல் கையில் எடுத்துப் பிரித்துப் பார்ப்பது இந்த இயக்கத்தின் பிறவிக் குணம்.

அந்த அமெரிக்க பேட்ஜில் நமக்கு முக்கியமான அம்சம் ஒன்று உண்டு. கடையில் விற்கும் பொம்மையை வாங்கி ஓட்டிக் காட்டினால் பேட்ஜ் கிடைக்காது. பிள்ளை ஒரு ரோபோவை வடிவமைக்க வேண்டும், கட்ட வேண்டும், நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க வேண்டும், எங்கே தவறியது, எதை மாற்றினோம் என்பதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். பாதுகாப்பு பற்றிய கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். இதில் திரையைப் பார்க்கும் நேரம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் திருகாணி, கம்பி, பற்றவைப்பு, அளவுகோல், பென்சில்.

தமிழ்நாடு அரசு 'டிஎன் ஸ்பார்க்' என்ற பெயரில் செயற்கை நுண்ணறிவையும் ரோபோட்டிக்ஸையும் அரசுப் பள்ளிக்குள் கொண்டுவந்திருக்கிறதே, பேட்ஜ் வேறு எதற்கு என்று கேட்கலாம். பாடத்தை வரவேற்கிறேன். ஆனால் பாடம் தேர்வுத்தாளில் முடியும். ரோபோட்டிக்ஸ் என்றால் என்ன என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வரும், பிள்ளை மனப்பாடம் செய்து எழுதிவிடும். சாரணத்தில் செய்து காட்டாமல் எதுவும் கிடைக்காது. முடிச்சைப் பற்றிக் கட்டுரை எழுதிய பிள்ளைக்கு இங்கே பேட்ஜ் கொடுத்ததில்லை. அதோடு, சாரணத்தில் வேலை செய்வது அணி. ஏழெட்டுப் பேர், அவர்களுக்குள் ஒரு அணித்தலைவர். ஒரு பிள்ளைக்கு நிரல் வரும், இன்னொன்றுக்குக் கைவேலை வரும், மூன்றாவதற்கு அழகாகக் குறிப்பெழுத வரும். வகுப்பறையில் காப்பியடித்தல் என்று தண்டிக்கப்படும் ஒத்தாசை இங்கே முறையாகிறது.

ஆய்வகம் கட்டித் தருகிறோம் என்ற வழியும் இருக்கிறது. நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 2016இல் வந்தது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் அதற்கு விண்ணப்பிக்கப் பள்ளியில் பெரிய கட்டடப் பரப்பு ஒன்று காலியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைக்கும் மலைப் பள்ளி எங்கே போகும்? பேட்ஜுக்குக் கட்டடம் தேவையில்லை. புளியமரத்தடி போதும், ஒரு தகரப் பெட்டியும் அதற்கொரு பூட்டும் போதும். சாவி அணித்தலைவரிடம் இருக்கட்டும்.

ரோபோ என்றதும் மனித முகம் வைத்த பொம்மை நினைவுக்கு வருவதால்தான் இத்தனை மிரட்சி. உணர்வது, முடிவெடுப்பது, செய்வது என்ற மூன்றும் சேர்ந்த எந்தப் பொறியும் ரோபோதான். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் ஏற்பாட்டில் இந்த மூன்றும் இருக்கின்றன. கிணற்றுமேட்டு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளிருக்கும் ரிலேயை எத்தனையோ முறை சுரண்டிச் சரிசெய்த அப்பாவின் பிள்ளைக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. உளியின் கோணம் ஒரு நூல் பிசகினால் என்ன ஆகும் என்று தெரிந்த கைகள் இருக்கும் மாவட்டம் இது. மலையில் மரவள்ளி பிடுங்கி, சாமை புடைத்து, கடுக்காய் பொறுக்கி, மூங்கில் பிளந்து வளரும் பிள்ளையின் கை, நகரத்துப் பிள்ளையின் கையைவிடப் பொருள்களோடு அதிகம் பழகியது. ரோபோட்டிக்ஸில் கடினமான பாதி பொருளோடு நடக்கும் போராட்டம்தான். சக்கரம் ஏன் வழுக்குகிறது, கம்பி ஏன் சூடாகிறது, எடை ஏன் ஒருபக்கம் சாய்கிறது என்ற கேள்விகளில் மலைப் பிள்ளை பின்தங்கியவள் அல்ல, பல சமயம் முன்னால் நிற்பவள்.

செலவு பற்றிப் பேசுகிறவர்கள் பெரிய நிறுவனங்களின் கிட் விலையை எடுத்துக் காட்டுகிறார்கள். கிட் வாங்கவே வேண்டாம் என்கிறேன் நான். ஆர்டுயினோ வகைப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஓர் அணிக்கு ஒன்று போதும். பழுதான சிடி டிரைவுக்குள் நல்ல மோட்டார்கள் இருக்கின்றன. ஊசி போடும் சிரிஞ்சுகளையும் மெல்லிய குழாயையும் வைத்துத் தண்ணீர் அழுத்தத்தில் இயங்கும் கை ஒன்று செய்யலாம், அதற்கு மின்சாரமே வேண்டாம். அரவிந்த் குப்தா 1970களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து அறிவியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தக் கிராமங்களிலும் அன்று பல குறைகள் இருந்தன. எல்லாம் சரியான பிறகு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை.

இந்தப் பிள்ளைகள் எதைச் செய்வார்கள் என்று கேட்டால் மழையைச் சொல்வேன். கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி அணைக்கு இறங்குகிறது. 46 அடி அணை, சீக்கிரம் நிரம்பிவிடும். உபரிநீர் திறக்கும்போது கச்சிராயபாளையத்துக்குக் கீழே ஆற்றோர ஊர்களுக்குத் தண்டோராவும் எச்சரிக்கையும் போகும். மேகம் அருவியும் பெரியார் அருவியும் திடீரெனப் பெருகுவது எல்லோருக்கும் தெரிந்ததே. மாவட்டத்தின் மறுமுனையில் தென்பெண்ணை. 2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் வெளியேறியபோது திருக்கோவிலூர்ப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்கள் என்ன பாடு பட்டன என்பதை அங்கே இருப்பவர்கள் மறக்கவில்லை. மழைநீர் ஒரு சின்னக் கிண்ணத்தில் சேர்ந்து, நிறைந்ததும் கவிழ்ந்து, ஒவ்வொரு கவிழ்ப்பையும் ஒரு காந்தச் சுவிட்ச் எண்ணும் மழைமானியைப் பிள்ளைகளே செய்ய முடியும். வானிலை நிலையங்களில் இருப்பதும் இதே தத்துவம்தான். பத்து மலைப் பள்ளிகளில் பத்து மழைமானிகள் இருந்து, அந்த எண்ணிக்கையைச் சாரணர்கள் தினமும் குறித்து, கீழே இருக்கும் படைக்கு அனுப்பினால் அது எப்படிப்பட்ட பயிற்சி என்று யோசியுங்கள். அரசின் அபாய அறிவிப்புக்கு அது மாற்றாகாது, ஆகவும் கூடாது. ஆனால் தன் தலைமேல் பெய்யும் மழை எத்தனை மில்லிமீட்டர், அது எத்தனை மணி நேரத்தில் எந்த ஊரை எட்டும் என்று தெரிந்த பிள்ளை, 'தயாராக இரு' என்ற சாரணர் மொழியைக் கையால் கற்ற பிள்ளை.

மணப்பாறையை நினைத்தால் எனக்கு இரண்டு காட்சிகள் சேர்ந்தே வருகின்றன. 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி அங்கேதான் நடந்தது. நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அதே மணப்பாறைக்கு அருகில் நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25ஆம் தேதி இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தீபாவளி நாளும் கடந்து போயிற்று. தமிழ்நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழுதது. குழந்தையை உயிரோடு எடுக்க முடியவில்லை. அங்கே கருவியோடு ஓடி வந்தவர்களில் ஒருவர் மதுரையைச் சேர்ந்த மணிகண்டன். பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பவர் அல்ல. கேமராவும் பிடிக்கும் கைகளும் வைத்துத் தானே வடிவமைத்த கருவியால், 2014இல் சங்கரன்கோவில் அருகே குத்தாலப்பேரியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த சிறுவனை உயிரோடு மேலே கொண்டுவந்தவர். ஒரு தனிமனிதரின் பட்டறை முயற்சி ஒரு முறை வென்றது, இன்னொரு முறை முடியவில்லை. அப்படிப் பட்டறையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆட்கள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஒன்றியத்திலும் பத்துப்பேர் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்காமலிருக்க சென்னை ஐஐடியில் 'ஹோமோசெப்' கருவியைச் செய்தார்கள். ரோபோ பணக்காரப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள், அது இல்லாததால் இந்த நாட்டில் செத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்.

'முதலில் அடிப்படை' என்ற வாதத்தின் வேரிலும் ஒரு பிழை இருக்கிறது. வாசிப்பும் கணக்கும் தனியாக முடித்துவிட்டு வரவேண்டிய படிகள் என்று அது நம்புகிறது. எட்டாம் வகுப்புவரை வந்தும் வகுத்தல் வராத பிள்ளைக்கு மறுபடியும் அதே வகுத்தல் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுவதால் ஒன்றும் நடக்கவில்லை என்பதை ஆசிரியர்களே அறிவார்கள். கிண்ணம் 40 முறை கவிழ்ந்தது, ஒரு கவிழ்ப்புக்கு இத்தனை மில்லி, வாயின் பரப்பு இத்தனை, அப்படியென்றால் மழை எவ்வளவு என்று தன் கருவி கேட்கும்போது வகுத்தலுக்கு முதன்முறையாக ஒரு காரணம் கிடைக்கிறது. குறிப்பேடு எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் எழுத்து வரும். நான் அடிப்படையை ஒத்திப்போடச் சொல்லவில்லை. அதைக் கற்க ஒரு காரணத்தைக் கொடுங்கள் என்கிறேன்.

பள்ளியைவிட்டு நின்ற பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதையும் பேச வேண்டும். இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் கைகளுக்கு வெளியுலகம் வைத்திருக்கும் வேலைகள் நமக்குத் தெரியும்: கட்டட வேலை, தோட்ட வேலை, கரும்பு வெட்டு, சாராய ஊறலுக்குக் காவல், செம்மர வெட்டு. 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து ஊர்க்காரர்கள். ஒரு பேட்ஜ் இதையெல்லாம் மாற்றிவிடும் என்று சொல்லும் அளவுக்கு நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆனால் 13 வயதில் தன் கையால் ஒரு பொறியை ஓடவைத்த பிள்ளைக்குத் தன் கையைப் பற்றிய மதிப்பீடு மாறும். ஐடிஐ, பாலிடெக்னிக் என்ற சொற்கள் அந்த வீட்டுக்குள் வரும். கருமந்துறையில் பழங்குடியினருக்கான அரசு ஐடிஐ இருக்கிறது. பள்ளிக்கும் அதற்கும் நடுவே பாலம் இல்லாததுதான் குறை.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் என்னைத் தூங்கவிடாத வாதம் ஒன்றே ஒன்று. இதுவும் சான்றிதழாகக் கெட்டுப்போகும் என்பது. கிட் வந்து பீரோவில் பூட்டப்படும், ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் வெளியே வரும், ஆசிரியரே செய்த ரோபோவோடு பிள்ளை புகைப்படத்துக்கு நிற்கும், ராஜ்ய புரஸ்கார் விருதுப் பட்டியலை நிரப்ப பேட்ஜ் வழங்கப்படும். இது நடக்கக்கூடியதுதான், மற்ற பேட்ஜ்களில் நடந்தும் இருக்கிறது. ஆனால் இந்தக் காரணத்துக்காக முதலுதவி பேட்ஜை யாரும் எடுத்துவிடச் சொல்லவில்லை. கெட்டுப்போகாமல் இருக்க நிபந்தனைகளை எழுத வேண்டும். சொந்தப் படையின் ஆசிரியர் தேர்வாளராக இருக்கக் கூடாது. கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் இருக்கின்றன, செல்போன் பழுதுபார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள், ஐடிஐ பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேர்வாளர்களாக அழையுங்கள். பிள்ளை செய்த கருவியில் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, என்ன கோளாறு என்று கண்டுபிடி பார்க்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள். ஆசிரியர் செய்துகொடுத்த ரோபோ அந்த இடத்தில் பல்லைக் காட்டிவிடும். இன்னொரு நிபந்தனை: செய்த பொறி பள்ளிக்கோ ஊருக்கோ ஒரு வேலையைச் செய்ய வேண்டும், சில மாதம் ஓடவும் வேண்டும். கோடு பார்த்து ஓடும் குட்டி வண்டியோடு முடிந்துவிடக் கூடாது. சாரணியர் அணிகளுக்கும் இதே தேர்வு, இதே கேள்விகள். பெண்பிள்ளைக்குச் சமையல் பேட்ஜ், பையனுக்கு ரோபோ பேட்ஜ் என்று சொல்லாமல் சொல்லும் பழக்கம் இதில் நுழையவே கூடாது. உண்டு உறைவிடப் பள்ளிகளில் படை இல்லையென்றால் முதலில் படையைத் தொடங்க வேண்டும். மாலையில் பிள்ளைகள் அங்கேயே இருப்பதால் நேரம் இல்லை என்ற சாக்குக்கும் அங்கே இடமில்லை.

1907இல் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் பணக்காரப் பள்ளி மாணவர்களையும் தொழிலாளர் வீட்டுச் சிறுவர்களையும் ஒரே அணிக்குள் கலந்து வைத்தார். அந்த முறையை இங்கேயும் கொண்டுவர வேண்டும். மலைப் பள்ளியிலிருந்து நான்கு பேர், நகரத்துப் பள்ளியிலிருந்து நான்கு பேர் என்று ஒரே அணியாகத் தேர்வுக்கு வரட்டும். தேர்வு முகாம் என்றால் வழக்கமாக மலையிலிருந்துதான் பிள்ளைகளைக் கீழே இறக்குவார்கள். ரோபோட்டிக்ஸ் பேட்ஜின் முதல் தேர்வு முகாமை வெள்ளிமலையில் வையுங்கள். கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக அந்த வளைவுகளில் பஸ்ஸில் ஏறி வரட்டும். அதிகாரிகளும் அதே பஸ்ஸில் வரட்டும். பஸ் ஒழுங்காக வருகிறதா, பள்ளியில் மின்சாரம் நிற்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் இருக்கிறதா என்பதையும் அன்றே எல்லோரும் பார்த்துவிடலாம்.